ஃபோர்டு எஃப்-150: எந்தத் தலைமுறை, எந்த இன்ஜின், நிஜமாக எவ்வளவு இழுக்கும்?

ஹூஸ்டன்_வாசி

தேவை இதுதான்: ஏற்றிய பிறகு 7,500 பவுண்டு (சுமார் 3,400 கிலோ) நிற்கும் டிராவல் டிரெய்லர், வண்டிக்குள்ள நாலு பேர். பழைய எஃப்-150 பிக்கப் போதுமா? 2006 மாடலிலிருந்து 2021 வரை விற்பனைக்குக் கிடக்கு, விலை மலைக்கும் மடுவுக்கும். 5.4 லிட்டர் இன்ஜின் பக்கமே போகாதேன்னு ஒருத்தர் சொல்றார், ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜின் வேண்டாம்னு இன்னொருத்தர், அலுமினியம் பாடி வேண்டாம்னு மூணாவது ஆள். எந்த வருஷத்துல என்ன மாறிச்சு, எது எதனால கெடும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. புது வண்டி பற்றிய பேச்சு வேண்டாம்.

சுமைதாங்கி

வருஷ வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஃபோர்டு கம்பெனியே பெட்டி கட்டி விற்ற முதல் பிக்கப் 1925இல் வந்தது. மாடல் டி காரின் பின்பக்கம் ஒரு இரும்புப் பெட்டி, திறந்து மூடும் பின்கதவு, கனமான பின் ஸ்பிரிங். விலை 281 டாலர். அதுவரை விவசாயிகள் காரை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, தச்சரிடம் மரப்பெட்டி செய்து பொருத்திக்கொண்டிருந்தார்கள். காருக்கென்று போட்ட சேஸி இல்லாமல் லாரிக்கென்றே தனிச் சேஸி வந்தது 1948 மாடலில்: எஃப்-1 முதல் எஃப்-8 வரை. எஃப்-1தான் அரை டன் ரகம், அதாவது வரிசையில் மிக லேசானது. 1953இல் அதற்கு எஃப்-100 என்று பெயர் மாறியது. 1957இல் ஸ்டைல்சைடு, அதாவது கேபினோடு சமமாக ஓடும் அகலப் பெட்டி. சக்கரத்தின் மேல் மட்கார்டு துருத்திக்கொண்டிருந்த பழைய பெட்டியோடு ஒப்பிட்டால் கொள்ளளவு சட்டென்று கூடியது.

1961இல் ஒரு பரிசோதனை. கேபினையும் பெட்டியையும் ஒரே உடலாக ஒட்டிவிட்டார்கள். சுமை ஏற்றினால் சேஸி முறுக்கும், கூடவே கேபினும் முறுக்கும், கதவு இறுகிக்கொள்ளும் என்ற புகார் கிளம்பியது. சில வருஷத்தில் கைவிட்டார்கள். இன்று எந்த எஃப்-150ஐப் பார்த்தாலும் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கனமான டிரெய்லரோடு மேடு பள்ளம் ஏறும்போது அந்த இடைவெளி விரிந்து சுருங்குவதைக் கண்ணால் காணலாம்.

1965இல் முன்பக்கம் ட்வின்-ஐ-பீம், அதாவது இரு முன்சக்கரத்துக்கும் தனித்தனி இரும்பு உத்தரம். அதே ஆண்டு வந்த 300 கன அங்குல நேர்வரிசை ஆறு (4.9 லிட்டர்) 1996 வரை ஓடியது. அதில் கேம்ஷாஃப்ட்டுக்குச் சங்கிலி கிடையாது, பல்சக்கரம் நேராகப் பல்சக்கரத்தைச் சுற்றும். ஏழு மெயின் பேரிங். சுழற்சி குறைவாக இருக்கும்போதே இழுவை கிடைக்கும்.

150 என்ற எண் 1975இல் வந்தது, அதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. மொத்த எடை 6,000 பவுண்டுக்குள் அடங்கும் லாரிக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயம் என்று வந்தபோது, எஃப்-100ஐவிடச் சற்றுக் கனமாக, அந்த வரம்பைத் தாண்டி நிற்கும்படி செய்த வண்டிதான் எஃப்-150. அதனால்தான் அதை 'கனத்த அரை டன்' என்றார்கள். 1983க்குப் பிறகு எஃப்-100 போய்விட்டது, பிள்ளை நின்றுவிட்டது. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசை இதுதான்.

மின்கம்பி

ஒரு இடைச்செருகல். இந்த அளவு பிக்கப்பில் அமெரிக்கக் கம்பெனிகள் மட்டுமே கோலோச்சியதற்கு இன்னொரு சட்டமும் காரணம். அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டது. பதிலுக்கு 1963 டிசம்பரில் ஜான்சன் அரசு உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறிய லாரி நான்கின் மேலும் 25 சதவீதம் இறக்குமதி வரி போட்டது. லாரி மேல் போட்ட வரி மட்டும் விலகவே இல்லை. டொயோட்டா இந்த முழு அளவுப் பிரிவில் டண்ட்ராவைக் கொண்டுவந்தபோது அமெரிக்காவிலேயே தொழிற்சாலை வைத்துத்தான் கட்டியது.

நெம்புகோல்

அண்ணன் வரலாறு சொல்லிட்டார், நான் இன்ஜினுக்கு வர்றேன். வாசி, நீங்க பார்க்கிற வருஷத்துக்கு மட்டும்.

1997ல உருவமே மாறிச்சு. முன் சஸ்பென்ஷன் தனித்தனி ஆர்ம், இன்ஜின் ட்ரைட்டான் வி8, 4.6ம் 5.4ம். ஆரம்பகால இரண்டு வால்வு ஹெட்ல (சிலிண்டருக்கு மேல உட்கார்ற மூடி) ஸ்பார்க் பிளக் பிடிச்சிருக்கிற மரை நாலஞ்சு சுத்துதான். அலுமினிய மரை, குறைவான சுத்து, வெடிப்பு அழுத்தம். பிளக் மரையைப் பிடுங்கிக்கிட்டு பீரங்கிக் குண்டு மாதிரி வெளிய பறக்கும். எஃகு மரைக்கூடு போட்டுச் சரி பண்ணலாம், ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

2004ல மூணு வால்வு 5.4. அங்க நேர் எதிர் வியாதி: பிளக் வெளிய வரவே வராது. அந்த பிளக் இரண்டு துண்டா செஞ்சது. கீழ்ப்பாதி நீளமான மெல்லிய உறை. அந்த உறையைச் சுத்திக் கரி இறுகிடும். பலமாத் திருகினா மேல்பாதி கையோட வரும், உறை ஹெட்டுக்குள்ளயே நிக்கும். 2008 வரை உள்ள வண்டில இந்த பிளக் மாத்தும் முறை:

இன்ஜின் முழுக்க ஆறி இருக்கணும். சூட்டுல தொடவே கூடாது. குழியை ஏர் அடிச்சுச் சுத்தம் பண்ணிட்டு, பிளக்கை எட்டுல ஒரு பங்குல இருந்து கால் சுத்து வரைக்கும் மட்டும் தளர்த்துங்க. கார்பரேட்டர் கிளீனரை அரை முதல் முக்கால் டீஸ்பூன் குழிக்குள்ள விட்டு, குறைஞ்சது 15 நிமிஷம் ஊற விடுங்க. ஊறும்போது ஆட்டக் கூடாது. அப்புறம் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா, கிரீச் சத்தம் குறையுற வரைக்கும். இறுகினா திரும்ப உள்ளே திருகி, மறுபடி கிளீனர். ஏர் ரெஞ்சு வேண்டவே வேண்டாம். புது பிளக் போடும்போது நிக்கல் ஆன்டி-சீஸை (இறுகி ஒட்டிக்காம இருக்கப் பூசுற பசை) அந்த உறை மேல மெல்லிசாப் பூசுங்க, மரையில பூசாதீங்க, நடு எலக்ட்ரோடுலயும் படக் கூடாது. முறுக்கு 25 பவுண்டு-அடி (34 நியூட்டன் மீட்டர்). அப்படியும் உடைஞ்சா உறையை இழுக்கத் தனிக் கருவி கடைல கிடைக்குது, பயப்பட வேண்டாம்.

அதைவிடப் பெரிய செலவு கேம் ஃபேசர். ஆயில் அழுத்தத்தாலதான் அது கேம்ஷாஃப்ட் நேரத்தை மாத்துது. சங்கிலியை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரோட சீல் பிதுங்கினாலோ ஆயில் பம்ப் தேய்ஞ்சாலோ, சூடான இன்ஜின் ஐட்லிங்ல அழுத்தம் விழும், ஃபேசர் டக்கு டக்குன்னு டீசல் மாதிரி தட்டும். குளிர்ல சத்தம் இல்லாம, 20 நிமிஷம் ஓட்டி சிக்னல்ல நிக்கும்போது தட்டினா அது ஃபேசர். குளிர்ல டிக் டிக்னு கேட்டு, சூடானதும் அடங்கினா அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் உடைஞ்சது, அது வேற கதை. இரண்டையும் குழப்பிக்கிட்டு காசு விட்டவங்க நிறைய.

ஃபேசர் மட்டும் மாத்தினா பிரயோஜனம் இல்ல. டென்ஷனர், கைடு, சங்கிலி, ஆயில் பம்ப் எல்லாம் ஒரே தடவை. 5.4 மூணு வால்வுக்கு 7 குவார்ட் ஆயில். அது குறையவே கூடாது.

என் முடிவு: 5.4 வண்டி, இந்த வேலை செஞ்ச ரசீது இருந்தா மட்டும். இல்லன்னா விலைல அதைக் கழிச்சுப் பேசுங்க.

ஹூஸ்டன்_வாசி

நன்றி அண்ணா. அப்போ 2011க்கு மேல போனா நல்லதா?

நெம்புகோல்

ஆமா, 2011தான் திருப்பம். ட்ரைட்டான் போயிடுச்சு. 3.7 வி6, 5.0 வி8, 6.2 வி8, இரட்டை டர்போ 3.5 ஈகோபூஸ்ட். ஸ்டீயரிங்குக்கு ஹைட்ராலிக் பம்ப் போய் பெரும்பாலான வண்டிக்கு மின்மோட்டார்.

5.0 அந்த வருஷம் 360 குதிரைத்திறன், 380 பவுண்டு-அடி. ஈகோபூஸ்ட் 365, 420. காகிதத்துல பக்கத்துப் பக்கத்துல. ஆனா 5.0 அந்த இழுவையைக் குடுக்க 4,250 சுத்து போகணும், ஈகோபூஸ்ட் 2,500லயே குடுக்கும். டிரெய்லரோட மேடு ஏறுறப்ப கியர் குறைச்சு அலறுறது ஒண்ணு, சத்தமில்லாம இழுக்கிறது இன்னொண்ணு. 7,500 பவுண்டுக்கு நான் டர்போ பக்கம்.

ஆனா 2011-2016 டர்போவுக்கு மூணு பலவீனம். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள மட்டும் பீச்சுறதால இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்ல, கரி படியும். முதல் வருஷங்கள்ல ஈரப்பதமான ஊர்ல இன்டர்கூலர்ல தண்ணி தேங்கி, திடீர்னு ஆக்சிலரேட்டர் அழுத்தினா அது உள்ள போய் மிஸ்ஃபயர் ஆகும். மூணாவது, டைமிங் சங்கிலி நீளும். குளிர் ஸ்டார்ட்ல சலசலப்பும், வண்டிக் கணினில பி0016ங்கிற பிழைக் கோடும் சேர்ந்து வந்தா சங்கிலி. ஆயில் மாத்துறதைத் தள்ளிப் போட்ட வண்டில இது சீக்கிரம் வரும்.

2017ல இரண்டாம் தலைமுறை 3.5. நேர் பீச்சலோட இன்டேக் போர்ட்லயும் பீச்சல் சேர்த்தாங்க, கரிப் பிரச்சினை தீர்ந்தது. 470 பவுண்டு-அடி. ஆனா ஃபேசர் மறுபடி வந்துச்சு: காலையில முதல் ஸ்டார்ட்ல ஓரிரு வினாடி கரகரன்னு. ஃபேசரை மறுவடிவம் பண்ணித் திருத்தினாங்க. வண்டியைப் பார்க்கப் போறப்ப விக்கிறவர் முன்னாடியே இன்ஜினைச் சூடாக்கி வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க. போனதும் ஹூட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வாங்க.

சுமைதாங்கி

கியர்பாக்ஸையும் சேர்த்துவிடுங்கள். 2011-2013 ஆறு கியரில், வெளியேறும் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சிக்னல் அறுந்தால் கியர்பாக்ஸ் திடீரென்று முதல் கியருக்கு இறங்கிவிடும், பின்சக்கரம் வழுக்கும். ரீகால் உண்டு. சேஸி எண்ணைப் போட்டு முடித்தாயிற்றா என்று பாருங்கள்.

2017இல் வந்த பத்து கியர் 10ஆர்80. சி, டி, எஃப் என்ற மூன்று கிளட்சும் ஒரே டிரம்மில் உட்கார்ந்திருக்கும். அந்த டிரம்முக்குள் இறுக்கிவைத்த புஷ்ஷிங், முதல் சில வருஷ வண்டிகளில் இடம் நகர்ந்துவிடும். நகர்ந்தால் ஆயில் வழி கசிந்து அழுத்தம் விழும். 3-4-5 மாறும்போது உதை, சில நேரம் கியர் விழவே தாமதம். பின்னால் வந்த டிரம்மில் புஷ்ஷிங் நகராதபடி விளிம்பு வைத்தார்கள். உதைக்கும் பெட்டிக்கு முதலில் கணினியின் பழக்க நினைவை அழித்து மறுபடி கற்க விடுவார்கள். அதிலும் தீரவில்லையென்றால் டிரம்தான். இந்தப் பெட்டிக்கு மெர்கான் யுஎல்வி ஆயில் மட்டும். பழைய எல்வி வேறு, அதை ஊற்றக் கூடாது.

ரொறன்ரோ_வாத்தி

எல்லாரும் இன்ஜினைப் பற்றியே கதைக்கிறியள், அடியில குனிஞ்சு பார்க்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. ஹூஸ்டன் தம்பிக்கு உப்புப் பிரச்சினை இல்லை எண்டாலும், ஏலத்தில வாற வாகனம் மிச்சிகனிலயோ ஒன்ராறியோவிலயோ ஓடினதாயும் இருக்கும். குளிர்காலத்தில இங்க றோட்டில கொட்டுற உப்பு இரும்பைத் தின்னும்.

2004-2008: பின் லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்குற ஹேங்கரும் ஷக்கிளும். ஒரு சின்னச் சுத்தியலால தட்டிப் பாருங்கோ. 'டிங்' எண்டால் சரி, 'டப்' எண்டு பொருக்கு உதிர்ந்தால் மாத்தவேணும். ரிவெட்டை அரைச்சு எடுத்துப்போட்டு கிரேட் 8 போல்ட் போடுறது வழக்கம். கேபின் கீழ்மூலை, பின்சக்கர வளைவு ரெண்டையும் விரலால தடவிப் பாருங்கோ. புது நிறம் பூசி மறைச்சிருப்பினம்.

அடுத்தது நாலு சக்கர இயக்கம். 2004க்குப் பிறகு முன் ஹப்பில ஒரு வக்யூம் கிளட்ச் இருக்கு. கனபேர் இதைத் தலைகீழாய் விளங்கிக்கொள்ளுகினம். வக்யூம் இருந்தால் ஹப் விட்டிருக்கும். வக்யூம் போனால் உள்ளிருக்கிற ஸ்பிரிங் தள்ளி ஹப் பூட்டும். அதாலதான் ரெண்டு சக்கரத்தில ஓடேக்க எங்கையாவது குழாய் வெடிச்சால் ஹப் அரைகுறையாய்ப் பூட்டி, பல்லோடு பல் உரசி 'கர்ர்ர்' எண்டு கத்தும். மேட்டில ஆக்சிலரேற்றரை அழுத்தேக்க வக்யூம் குறையும், அப்ப இன்னும் கூட. அந்தச் சத்தத்துக்கு வீல் பேரிங் மாத்தினவை எத்தனை பேர்!

சோதனை லேசு. கைப் பம்பை ஹப்புக்குப் போற குழாயில மாட்டி 15-20 அங்குலம் (பாதரச அளவில) இழுங்கோ, ஒரு நிமிசம் அசையாமல் நிக்கவேணும். நிண்டால் ஹப் நல்லம், பிழை மேல: செக் வால்வு, இல்லாட்டி ஃபயர்வோலில இருக்கிற சொலனோயிட். அது ரெண்டும் மலிவு.

ஹூஸ்டன்_வாசி

ஐயா, அப்படின்னா துருப்பிடிக்காத அலுமினியம் பாடிதானே நல்லது? 2015க்கு மேல?

நெம்புகோல்

இங்க நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. 2015ல பாடியும் பெட்டியும் அலுமினியம் ஆச்சு, எடை 700 பவுண்டு வரைக்கும் குறைஞ்சது, சரி. ஆனா இடிபட்டா? மாக்னட் ஒட்டாது, வெல்டிங் பழைய மாதிரி இல்ல. துளைக்காமலே குத்தி இறங்கும் ரிவெட்டும் கட்டுமானப் பசையும்தான் இணைப்பு. பட்டறைல தனி இடம், தனிக் கருவி வேணும். இரும்புக்கு உபயோகிச்ச அரப்பொடி அலுமினியத்துல பட்டா அங்கயே அரிப்பு ஆரம்பிக்கும். கிராமத்துப் பட்டறைல இது முடியாது.

ரொறன்ரோ_வாத்தி

அது உண்மை, ஆனால் கணக்கை முழுசாய்ப் பாருங்கோ. இடி வாழ்க்கையில ஒருக்கா, உப்பு வருசத்தில அஞ்சு மாசம். பத்து வருசம் ஓடின 2015 பெட்டியில ஓட்டை காணேலாது. ரெண்டே எச்சரிக்கை. பாடி அலுமினியம் எண்டாலும் சேஸி இரும்புதான், அதைக் கழுவி எண்ணெய் பூசவேணும். மற்றது, அலுமினியத்தில சாதாரண இரும்பு போல்ட் போட்டு ரூல்பொக்ஸ், ரக் எண்டு பூட்டாதையுங்கோ. ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணியும் சேர்ந்தால் பட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம்தான் கரையும். பூச்சுப் பூசின போல்ட், நடுவில பிளாஸ்ரிக் வாஷர்.

பெட்டியில செங்கல், கல் கொட்டுற ஆள் எண்டால் தடிச்ச ரப்பர் விரிப்பு கட்டாயம். கூரான மூலை விழுந்தால் அலுமினியம் கிழியும், அதை ஒத்துக்கொள்ளுறன்.

சுமைதாங்கி

வாசி, இப்போது உங்கள் கேள்வியின் உயிர்நாடிக்கு வருகிறேன். அந்த 700 பவுண்டு ஏன் முக்கியம் என்றால், குறைந்த எடையில் பெரும்பகுதி உங்கள் சுமைத்திறனாகத் திரும்ப வருகிறது. இழுவைத்திறன் எண் விளம்பரத்துக்கு. நீங்கள் பார்க்கவேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டையோடு கூடிய ஸ்டிக்கரில் இருக்கிறது: 'ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது'. ஒவ்வொரு வண்டிக்கும் அது தனி. ஒரே வருஷம், ஒரே இன்ஜின், ஆனால் ஒன்றுக்கு 1,900, இன்னொன்றுக்கு 1,400 இருக்கும். கண்ணாடிக் கூரை, மின் படிக்கட்டு, தோல் இருக்கை, 20 அங்குல ரிம் எல்லாம் அந்த எண்ணைத் தின்றவைதான். முழு டேங்க் பெட்ரோலை ஏற்கெனவே கழித்துத்தான் எண் போட்டிருப்பார்கள். ஓட்டுநரைக் கழிக்கவில்லை, அவரை நீங்கள் சேர்க்கவேண்டும்.

டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் அதன் நாக்கு (முன்னால் நீண்டு ஹிட்சில் மாட்டும் பாகம்) வழியாக உங்கள் வண்டி மேல் உட்காரும். 10க்குக் கீழே போனால் டிரெய்லர் பாம்பு போல ஆடும். 13 என்று வையுங்கள்: 7,500க்கு 975 பவுண்டு. அடுத்து, 2015-2020 வண்டிகளின் ஹிட்ச் ஸ்டிக்கரைப் படியுங்கள். வெறும் பந்து ஹிட்சில் 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு நாக்கு எடை, அவ்வளவுதான். அதற்கு மேல் எடைபகிர் ஹிட்ச் கட்டாயம், அதாவது பார் என்ற கம்பிகளை இறுக்கி நாக்கு எடையில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்குத் தள்ளும் ஹிட்ச். அதன் எடை சுமார் 90.

ஹூஸ்டன்_வாசி

பார்த்து வச்ச இரண்டு வண்டியோட ஸ்டிக்கர் போட்டோ வாங்கிட்டேன். இரண்டும் 3.5 ஈகோபூஸ்ட், 4 கதவு. ஒண்ணு வசதி கூடின ரகம், 2018 லேரியட், கண்ணாடிக் கூரையோட: 1,480. இன்னொண்ணு வசதி குறைஞ்ச ரகம், 2019 எக்ஸ்எல்டி: 1,840. நாலு பேர் எடை 480 பவுண்டு.

சுமைதாங்கி

லேரியட்: 1,480இல் 975 போனால் 505. ஹிட்ச் 90 போனால் 415. ஆட்கள் 480. ஒரு தண்ணீர்ப் பாட்டில்கூட ஏற்றாமலே 65 பவுண்டு மேலே நிற்கிறீர்கள். எக்ஸ்எல்டி: அதே கழித்தலில் 775, ஆட்கள் போக 295 மிச்சம். பெட்டியில் ஒரு ஜெனரேட்டரும் குளிர்பெட்டியும் வைக்கலாம். இரண்டுக்கும் இன்ஜின் ஒன்றுதான், சேஸி ஒன்றுதான்.

எக்ஸ்எல்டியில் இன்னும் மூன்றைப் பாருங்கள்: பின் ஆக்ஸில் விகிதம் 3.55 (3.31க்கு இழுவை வரம்பு குறையும்), டாஷ்போர்டில் டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலர், பின்னால் 7 முனைப் பிளக்.

மின்கம்பி

பிரேக் கண்ட்ரோலர் செட் பண்ணுவது: காலியான மைதானத்தில் மணிக்கு 30-40 கிலோமீட்டரில் போய், கால் பிரேக்கைத் தொடாமல் கையால் அந்த நெம்பை முழுக்க அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டினால் எண்ணைக் குறைக்க, இழுப்பே தெரியாவிட்டால் கூட்ட. பூட்டுவதற்குச் சற்று முன் நிற்பதுதான் சரியான இடம். மழையிலும், டிரெய்லரைக் காலி செய்த பிறகும் மறுபடி செட் பண்ண வேண்டும்.

2021 பவர்பூஸ்ட் ஹைபிரிட் கண்ணில் பட்டால் அதையும் ஸ்டிக்கர் பார்க்காமல் தாண்டாதீர்கள். 430 குதிரைத்திறன், 570 பவுண்டு-அடி, பெட்டியிலேயே 7.2 கிலோவாட் மின்சாரம் வரை கிடைக்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் இருளில் மூழ்கியபோது டீலர்களிடம் நின்ற இந்த வண்டிகளை வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்க இரவல் தரச் சொல்லி ஃபோர்டு கேட்டுக்கொண்டது. அருமையான வசதி. ஆனால் பேட்டரியும் மோட்டாரும் எடை, அதுவும் அந்த மஞ்சள் எண்ணிலிருந்துதான் போகும்.

ஹூஸ்டன்_வாசி

எக்ஸ்எல்டிதான். விகிதம் 3.55, கண்ட்ரோலர் இருக்கு. எடைபகிர் ஹிட்சை எவ்வளவு இறுக்கணும்?

சுமைதாங்கி

சமதரையில் டேப் வைத்து அளக்கவேண்டும். டிரெய்லர் மாட்டாமல், தரையிலிருந்து முன் மட்கார்டு வளைவின் உச்சி வரை ஓர் அளவு. மாட்டி, பார் போடாமல் இரண்டாவது அளவு. பின்பக்கம் அமுங்குவதால் முன்பக்கம் ஏறியிருக்கும். முதல் அளவு 37 அங்குலம், இரண்டாவது 38 என்றால் ஏறியது ஒன்று. பாரை இறுக்கி அதில் பாதியைத் திரும்ப வாங்குங்கள், அதாவது 37½. முழுதாக 37க்கோ அதற்குக் கீழேயோ இழுத்துவிடாதீர்கள். முன்பக்கம் கனத்துப் பின்சக்கரம் இலகுவானால் ஈர ரோட்டில் வளைவில் பின்பக்கம் விலகும்.

பிறகு சாமான், ஆட்கள், முழு டேங்க் எல்லாவற்றோடும் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடைமேடையில் மூன்று முறை நிறுத்துங்கள்: பாரோடு ஒன்று, பாரைக் கழற்றி ஒன்று, டிரெய்லரை விட்டுவிட்டு வண்டி மட்டும் ஒன்று. இரண்டாவதில் வண்டியின் இரு ஆக்ஸில் கூட்டலிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் நாக்கு எடை நிஜத்தில் எவ்வளவு என்று வந்துவிடும். 975க்கு மேல் வந்தால் டிரெய்லரின் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் நிரம்பியிருக்கும்.